கழுத்துக்குள்ள ஒரு தலையாரி

ஏலே பேராண்டி, இங்கன வா. இப்படித் திண்ணையில உக்காரு. பிள்ளை கால்ல என்னடே மாட்டியிருக்க? கொலுசா? கொலுசுன்னா சத்தம்லா வரணும். இதுல சிவப்பு வெளிச்சம் வருதே!

ஆக்சிஜன் பாக்குற மிசினா? சரி, எம்புட்டுக் காட்டுது? 96-ஆ? நேத்து? 98-ஆ? அந்த ரெண்டு எங்க போச்சுன்னு தேடித்தான் ராத்திரி பூரா நீயும் உன் பொண்டாட்டியும் பிள்ளை கால்மாட்டுல காவல் இருந்தியளாக்கும். பிள்ளை என்ன செஞ்சான்? தூங்கினானா? அப்போ உன் வீட்டுல விவரமானவன் அவன் ஒருத்தன்தான்.

உன்னைக் குத்தம் சொல்லி என்ன செய்ய? 2020-ல கொரோனா வந்துச்சு. ஊரே ஆளுக்கொரு விரல் மிசின் வாங்குச்சு. பருத்தி மார்க்கெட்டுல விலை பாக்குறவன்கூட அத்தனை தரம் எட்டிப் பாக்கமாட்டான். நானும் விரலை நீட்டினேன். 95 காட்டுச்சு. பள்ளிக்கூடத்துல அந்த மார்க்கை நான் கண்ணால கண்டதில்ல. சந்தோசமா எந்திரிச்சுப் போயிட்டேன்.

ஆனா ஒண்ணு கேக்குதேன். காசு குடுத்து இந்த மிசினை வாங்குனியே, பிறக்கும்போதே உன் பிள்ளை கழுத்துல ரெண்டு மிசின் வச்சு அனுப்பியிருக்கே, அது உனக்குத் தெரியுமா? தெரியாதுல்லா. கேளு. பட்டிக்காட்டுக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. என் மூத்த பேத்தி குழந்தை டாக்டருக்குப் படிக்கா. சின்னவளா இருக்கையில அவளுக்கு நான் கதை சொன்னேன். இப்போ லீவுக்கு வந்தா எனக்கு அவ கதை சொல்லுதா. வட்டியோட திருப்பித் தாரா.

தாடைக்குக் கீழ கழுத்துல நாடி துடிக்குது பாரு. சும்மா தொடு, அழுத்திப் பிசையாதே. அந்தப் பெரிய ரத்தக்குழாய்க்குக் கரோட்டிட்னு பேரு. மேல போய் ரெண்டாப் பிரியும். ஒரு கிளை மூளைக்கு, இன்னொண்ணு முகத்துக்கு. பிரியிற அந்தக் கவட்டையில அரிசி மணி அளவுக்கு ஒரு உறுப்பு ஒட்டிக்கிட்டிருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. கரோட்டிட் பாடிங்கா என் பேத்தி. எனக்கு அந்தப் பேரு நாக்குல நிக்கல. தலையாரின்னு வச்சுக்கிட்டேன். ஊர்த் தலையாரியை எங்க நிறுத்துவான்? முச்சந்தியிலதானே? அதுவும் மூளைக்குப் போற பாதையில நிறுத்தியிருக்கு பாரு, எம்புட்டு விவரம்!

அவனுக்கு என்ன வேலை? போற வார ரத்தத்தை ருசி பாக்குறதுதான். இதுல ஆக்சிஜன் போதுமா, கொறைஞ்சு போச்சான்னு பாப்பான். கொறைஞ்சா நரம்பு வழியா மூளைத்தண்டுக்குத் தந்தி அடிப்பான். அடுத்த சில நொடியில மூச்சு வேகமா வாங்கும். எடைக்கு எடை பாத்தா மூளைக்குப் போறதைவிடப் பல மடங்கு ரத்தம் இவனுக்குப் போகுது. நெஞ்சுக்குள்ள பெருங்குழாய் வளையிற இடத்துலயும் இவனுக்குக் கூட்டாளிக உண்டு. ஆனா மனுசனுக்குப் பெரும்பாடு படுறவன் இந்தக் கழுத்துக்காரன்தான்.

இவனை மனுசன் என்ன பாடு படுத்தினான் தெரியுமா? 1743-ல ஜெர்மனியில தாவ்பேன்னு ஒருத்தர் பிணத்தை அறுத்தப்போ இவனைப் பாத்து எழுதி வச்சார். ‘சின்ன முடிச்சு’ன்னு லத்தீன்ல பேரும் வச்சார். பேரு வச்சாச்சு, என்ன வேலைன்னு? அதைக் கேக்கத்தான் ஆளில்ல. கிட்டத்தட்ட 200 வருசம் ‘என்னமோ ஒரு முடிச்சு’ன்னே கிடந்தான். 1920-கள்ல ஸ்பெயின்ல பெர்னாண்டோ தெ காஸ்த்ரோங்கிறவர் மைக்ராஸ்கோப்புல பாத்து, நரம்பு ஓடுற விதத்தை வச்சு, இவன் ரத்தத்தை ருசி பாக்குறான்னு சொன்னார். பெல்ஜியத்துல ஹேமன்ஸ்ங்கிறவர் சோதனை செஞ்சு அதை நிரூபிச்சார். 1938 நோபல் பரிசு ஹேமன்ஸுக்குப் போச்சு. காஸ்த்ரோவுக்கு இல்ல. ஊத்து கண்டு சொன்னவன் ஒருத்தன், கிணறு வெட்டினவன் ஒருத்தன். கல்வெட்டுல பேரு யாருக்கு வரும்? நம்ம ஊரு கதைதானே!

அதைவிடக் கூத்து ஒண்ணு. 1940-கள்ல ஜப்பான்ல நாகயாமான்னு ஒரு சர்ஜன். ஆஸ்துமாக்காரங்களுக்கு இந்த அரிசி மணியை அறுத்து எடுத்துட்டா இளைப்பு நின்னுரும்னு ஆயிரக்கணக்கானவங்களுக்கு அறுத்தார். மூச்சு வாங்குதுங்கிற உணர்வு கொறைஞ்சது உண்மைதான். வியாதி? அது பாட்டுக்கு இருந்துச்சு. தந்தி அடிக்கிறவனையே ஊரைவிட்டுத் துரத்தியாச்சுன்னா கெட்ட சேதி எப்படி வரும்? ஊர்ல களவு நின்னுபோச்சுன்னு அர்த்தமாடே?

சரி, நம்ம பிள்ளை கதைக்கு வாரேன். அதுக்கு முன்னால அவன் குடியிருந்த பழைய ஊரைப் பத்திச் சொல்லணும்.

ரத்தத்துல ஆக்சிஜன் எம்புட்டு அழுத்தத்துல இருக்குன்னு பாதரசத்தை வச்சு அளப்பாங்க, மில்லிமீட்டர் கணக்கு. உனக்கு 95, 100. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு எம்புட்டு? 25 பக்கம்! கால்வாசி. வயித்துக்குள்ள பிள்ளை எவரெஸ்ட் மலையில குடியிருக்கிற மாதிரின்னு பார்கிராஃப்ட்னு ஒரு விஞ்ஞானி அந்தக் காலத்துலயே சொன்னார். சும்மா பேச்சுக்குச் சொன்னார்னு நினைக்காதே. 2007-ல சில டாக்டருங்க எவரெஸ்ட்ல ஏறி, 8400 மீட்டர் உயரத்துல, அந்தக் குளிர்ல காலுசட்டையை இறக்கிக்கிட்டு, தொடை இடுக்குல ஊசி போட்டு ரத்தம் எடுத்தாங்க. சராசரி 24.6 காட்டுச்சு. அம்புட்டுக் கஷ்டப்பட்டு மேல ஏறி அவங்க கண்டதை உன் பிள்ளை சுகமாப் படுத்துக்கிட்டே அனுபவிச்சிருக்கான். பத்து மாசம், வாடகை இல்லாம.

அம்புட்டுக் கொறைச்சல்ல எப்படிப் பிழைச்சான்? அவன் ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினே வேற ரகம். ஆக்சிஜனை இறுக்கிப் பிடிச்சுக்கிடும். கஞ்சக் கருமி மாதிரி. கழுத்துத் தலையாரியும் அந்த ஊரு அளவைத்தான் படிச்சிருப்பான். ‘25-தான் ஊரு வழக்கம், இதுக்கும் கீழ போனாத்தான் கூப்பாடு போடணும்’னு அவன் கணக்கு.

இப்போ பிள்ளை பிறந்தாச்சு. வீல்னு ஒரு அழுகை. நுரையீரல்ல காத்து போகுது. 25-ல இருந்த அளவு கொஞ்ச நேரத்துல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஆகுது. நாளு போகப்போக நாலு மடங்கைத் தொடுது. தலையாரிக்கு எப்படி இருக்கும்? தண்ணி இல்லாத காட்டுல வேலை பாத்தவனைத் தாமிரபரணிக் கரைக்கு மாத்தல் பண்ணின கதைதான். ‘இங்க தண்ணிக்குப் பஞ்சமே வராது’ன்னு துண்டை விரிச்சுப் படுத்துருவான். படுத்தே படுத்துட்டான்னு கண்டுபிடிச்சவங்க ஆக்ஸ்ஃபோர்டுல ஜெஃப்ரி டாவ்ஸும் அவர் கூட்டாளிகளும். ஆட்டுக்குட்டிகளோட அந்த நரம்புல கம்பி மாட்டிப் பாத்து 1984-ல எழுதினாங்க. தாய் வயித்துல இருக்கையில தந்தி அடிச்சுக்கிட்டிருந்த நரம்பு, பிறந்ததும் அடங்கிப்போகுது. அப்புறம் நாளு போகப்போக, புது ஊரு அளவுக்குத் தக்கன மறுபடி அடிக்க ஆரம்பிக்குது. நம்ம வீட்டுல ஆடு குட்டி போட்டா நாம சீம்பால்லதான் கண்ணா இருப்போம். அவங்க குட்டியோட கழுத்தைப் பாத்திருக்காங்க. அதுக்கும் ஆளு வேணும்லா!

மனுசப் பிள்ளையும் அப்படித்தான். பிறந்த முதல் நாள்ல தலையாரி ஏறக்குறைய உறக்கம். ரெண்டு மூணு நாள்ல கண்ணைத் துடைப்பான். முழுசா வேலை படிக்க இன்னும் வாரக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் ஆக்சிஜன் கொறைஞ்சா பச்சைப்பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? ஒண்ணு ரெண்டு நிமிசம் மூச்சை வேகமா வாங்கும். அப்புறம் அசந்து, மூச்சைக் கொறைச்சுக்கிடும். புதுசா வேலைக்கு வந்தவன் ரெண்டு சத்தம் போட்டுட்டுக் களைச்சு உக்காந்துருவானே, அந்த மாதிரி. அதனாலதான் பச்சைப்பிள்ளைக்காரி வீட்டுல கவனமா இருன்னு சொல்லுறது.

தலையாரி படிக்கிற பாடம் என்னன்னு கேக்கியா? அந்த அரிசி மணிக்குள்ள கொத்துக்கொத்தா செல்லு இருக்கு. ஆக்சிஜன் கொறைஞ்சா அந்தச் செல்லுல பொட்டாசியம் வெளிய போற வாசல் அடைபடும். அடைபட்டதும் கால்சியத்துக்கு வாசல் திறக்கும். கால்சியம் உள்ள புகுந்ததும் செல்லு மருந்தைக் கக்கும். அதுல நரம்பு விழிச்சுக்கிடும். பிறந்த பிள்ளைக்கும் இதே செல்லு, இதே வாசல்தான். ஆனா கால்சியம் உள்ள வாரது கொஞ்சம்தான். வாரம் போகப்போக வரத்து கூடும். எலிக்குட்டிக்கு ரெண்டு மூணு வாரத்துல பாடம் முடிஞ்சிருது. ஒரு மாட்டுக்குக் கலப்பை பழக்கவே எம்புட்டு நாளு ஆகுது? மூச்சு பழக ரெண்டு வாரம் ஆகாதா?

பாடம் சொல்லிக்குடுக்குற வாத்தியார் யாரு? இங்கதான் விசயம் இருக்கு. சுத்தியிருக்கிற காத்துதான் வாத்தியார். பிறந்ததுல இருந்தே ஆக்சிஜன் கொறைஞ்ச காத்துல எலிக்குட்டியை வளத்துப் பாத்தாங்க. தலையாரி பழைய ஊரு நினைப்புலயே கிடந்தான். பாடம் தள்ளிப்போச்சு. சரி, கொறைச்சா கெடுதல்னா கூட்டிக் குடுத்தா? நம்ம காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம். 60 சதவீதம் குடுத்து முதல் மாசம் வளத்தாங்க. என்ன ஆச்சு? அந்த அரிசி மணி வளராம நொய்யரிசியாப் போச்சு. நரம்பும் கொறைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் சாதாரணக் காத்துல விட்டும், பெரிய எலியான பிறகும், ஆக்சிஜன் கொறைஞ்சா மூச்சு சரியா ஏறலை. இதையே வளந்த எலிக்குச் செஞ்சாங்க. அதுக்கு அந்தத் தீராத கேடு வரலை.

பாத்தியா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு நம்ம கிழவிக சொன்னாங்க. எலிக்கூண்டு வச்சா சொன்னாங்க? அவ்வளவையும் குடுத்து வளத்த வீட்டுப் பிள்ளைக எப்படி வளந்துச்சுன்னு பாத்துத்தானே சொன்னாங்க. பஞ்சத்தையே பாக்காத தலையாரிக்குப் பஞ்சம்னா என்னன்னு தெரியுமா?

எலிக்குத்தானேன்னு உதறிராதே. 1940-கள்ல வெளிநாட்டுல கொறை மாசப் பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு, ‘நல்லதுதானே, நிறைய இருக்கட்டும்’னு ஆக்சிஜனை அள்ளி விட்டாங்க. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கண்ணு போச்சு. கூடுதல் ஆக்சிஜன்தான் காரணம்னு 1950-கள்லதான் உறுதியாச்சு. அங்க கெட்டது கண்ணு, தலையாரி இல்ல. ஆனா புத்தி ஒண்ணுதான். அளவுக்கு மிஞ்சினா என்ன ஆகும்னு உனக்குச் சொல்லணுமா? பிறந்ததும் மூச்சு விடாத பிள்ளைக்கு முழு ஆக்சிஜன்தான் குடுக்கணும்னு ரொம்ப நாளு அடம்பிடிச்சாங்க. டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில ராம்ஜிங்கிற டாக்டரும் அவர் கூட்டாளிகளும், ‘சாதாரணக் காத்தையே ஊதிப் பாப்போமே’ன்னு பாத்து 1993-ல எழுதினாங்க. பிள்ளைக தேறி வந்துச்சு. மாசம் நிறைஞ்ச பிள்ளைக்குச் சாதாரணக் காத்துல ஆரம்பின்னு 2010-ல உலக வழிகாட்டுதலே மாறிப்போச்சு. சும்மா கிடைக்கிற காத்துக்கு மரியாதை வர எத்தனை வருசம் ஆயிருக்கு பாரு!

இன்னொண்ணு கேளு, உனக்கு நெஞ்சு அடைக்கும். நல்லாப் பிறந்த பிள்ளைக்கே முதல் நிமிசத்துல உன் மிசினை மாட்டினா 60, 65-தான் காட்டும். அஞ்சாவது நிமிசம் 80, 85. பத்து நிமிசம் ஆனாத்தான் 85-க்கு மேல. நீ அங்கன நின்னிருந்தா பிள்ளைக்கு முன்னால உனக்குல்லா ஆக்சிஜன் வைக்கணும்!

அதுக்காக ஆக்சிஜனே விசம்னு கிளம்பிராதே. உங்க தலைமுறைக்கு ரெண்டே ஊருதான், ஒண்ணு அந்தக் கோடி, இல்ல இந்தக் கோடி. தேவைப்பட்ட பிள்ளைக்கு ஆக்சிஜன்தான் உயிரு. டாக்டர் அளந்து குடுத்தா தடுக்காதே. நான் சொல்லுறது, கடையில டப்பாவுல காத்தை அடைச்சு விக்கிறானே, அதை வாங்கி மோந்து பாக்கிற புத்தியை. கம்மாக்கரையில நின்னுக்கிட்டு பாட்டில் தண்ணி குடிக்கிறவன்தானே நீ!

கொறை மாசத்துல பிறந்த பிள்ளைக்குத் தலையாரியும் கொறைப் பயிற்சி, மூளைத்தண்டும் கொறைப் பயிற்சி. சில நேரம் 20 நொடிக்கு மேலயும் மூச்சே நின்னுபோகும். அதுக்கு ஆஸ்பத்திரியில என்ன மருந்து குடுக்காங்க தெரியுமா? கஃபீன்! காப்பியில இருக்கே, அதே சரக்கு. கருப்பட்டிக் காப்பி குடிச்சா உறக்கம் கலையும்னு நான் சொன்னா சிரிச்ச. இப்போ யாரு சிரிக்கணும்? அதுக்காகச் சங்குல காப்பி ஊத்தி வச்சிராதே, பாவி! அது டாக்டர் துளிக் கணக்குல அளந்து குடுக்குற மருந்து.

உன்னையே சொல்லிக்கிட்டிருந்தா ஞாயமில்ல. எங்க ஆளுகளும் கொறைச்சவங்க இல்ல. குளிப்பாட்டினதும் பிள்ளையைச் சாம்பிராணிப் புகைக்கு மேல பிடிக்கிறது. மூக்குல எண்ணெய் விடுறது. கொசுவுக்குச் சுருளைக் கொளுத்தி வச்சுக் கதவைச் சாத்துறது. தொட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து பீடி இழுக்கிறது. காத்துதான் வாத்தியார்னு இப்போத்தானே சொன்னேன்? வாத்தியார் மூஞ்சியில கரியைப் பூசிட்டுப் பாடம் நல்லா வரணும்னா எப்படி வரும்? ‘எனக்கும்தான் புகை போட்டாங்க, நான் நல்லா இல்லையா’ன்னு கேப்பான் என் வயசுக்காரன். நல்லா இருக்கிறவன்தானே திண்ணையில உக்காந்து கதை பேசுவான்? போய்ச் சேந்த பிள்ளை வந்து சாட்சி சொல்லுமாடே?

படிச்சவங்களும் சறுக்கினாங்க. பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தூங்கவைன்னு வெளிநாட்டுல புத்தகம் எழுதினவங்களே சொன்னாங்க. தூக்கத்துலயே காரணம் தெரியாமப் போன பிள்ளைக ஏராளம். 1994-ல அமெரிக்காவுல மல்லாக்கப் போடுன்னு ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சாங்க. அந்தச் சாவு பாதிக்குப் பாதி கொறைஞ்சுது. எந்த மிசினு வாங்கினாங்க? ஒண்ணுமில்ல, பிள்ளையைத் திருப்பிப் போட்டாங்க. வீட்டுல மிசினு மாட்டி அந்தச் சாவைத் தடுக்கலாம்னு நம்பாதேன்னு அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கமே சொல்லியிருக்கு. டாக்டரே மாட்டச் சொல்லி அனுப்பின பிள்ளைன்னா அது வேற கதை. உன் பிள்ளைக்கு யாரு சொன்னா? செல்போன்ல வந்த விளம்பரம் சொல்லுச்சாக்கும்!

அப்போ எதைத்தான் பாக்கிறதுன்னு கேக்கிய. பிள்ளையைப் பாரு! தூங்கும்போது அஞ்சு நொடி, பத்து நொடி மூச்சு நின்னு, அப்புறம் தடதடன்னு வாங்கும். பச்சைப்பிள்ளைக்கு அது வழக்கம். தலையாரி பாடம் படிக்கிற சத்தம்னு வச்சுக்கோ. ஆனா உதடும் நாக்கும் நீலம் பாஞ்சா, மூச்சு இழுக்கையில விலாவும் நெஞ்சும் உள்வாங்கினா, முனகல் கேட்டா, அசையாமக் கிடக்கும்போது நிமிசத்துக்கு 60 மூச்சு, அதுக்கும் மேலன்னா, 20 நொடி மூச்சே விடலைன்னா, பால் குடிக்காமத் துவண்டு கிடந்தா, அப்போ என்கிட்ட வராதே. மிசினைத் தட்டித் தட்டிப் பாக்காதே. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. மூச்சை எண்ணத் தெரியும்லா? செல்போன்ல கடிகாரம் இருக்கு, அதுக்காவது அது உதவட்டும்.

தென்னமெரிக்காவுல ஆண்டீஸ் மலை மேல வாழுறவங்களுக்கு இந்த அரிசி மணி கீழ வாழுறவங்களைவிடப் பெருசா இருக்குன்னு 1969-ல பெருநாட்டு டாக்டர் அரியாஸ் ஸ்டெல்லா எழுதினார். தலையாரி இருக்கிற ஊருக்குத் தக்கன வளருவான். உன் வீடு எந்த ஊரு? சன்னலைத் திறந்து வைக்கிற வீடா? புகை இல்லாத வீடா? பிள்ளையை மல்லாக்கப் போடுற வீடா? அப்படின்னா அவன் படிச்சு முடிச்சிருவான். பேரு வைக்கிற நாளுக்குள்ள முடியாது, தல நிக்கிற காலத்துக்கு நல்லாத் தேறிடுவான். அதுவரைக்கும் அவனுக்கு நீ காவல். அவன் தேறின பிறகு உனக்கு என்ன வேலை? போய்த் தூங்கு.

அந்தச் சிவப்பு விளக்கைக் கழத்தி அலமாரியில வை. பெட்டியோட இருக்கட்டும், உன் மாமனார் வந்தா அவர் விரல்ல மாட்டி விடு, அவருக்கு அதுல ஆசை உண்டு. பிள்ளைக்கு ஒரு கொலுசு வாங்கிப் போடு. சத்தம் கேட்டா முழிச்சிருக்கான், கேக்கலைன்னா போய் நெஞ்சு ஏறி இறங்குதான்னு கண்ணால பாரு. அந்தக் கணக்கு எனக்கும் புரியும், உனக்கும் புரியும்.